ஒன்றரை அடி

கூத்தனேந்தலில் இடிந்துபோன பழைய மாதா கோயிலைக் கம்ப்யூட்டரில் மறுபடியும் கட்டித் தர வேண்டும் என்று இஞ்ஞாசி வாத்தியார் ஆனையூருக்கே வந்து கேட்டபோது தமிழ்வாணிக்குச் சிரிப்புத்தான் வந்தது. அவள் அதுவரைக்கும் கட்டியதெல்லாம் வீடுகள், அதுவும் கம்ப்யூட்டரில்தான். மதுரையைச் சுற்றி வீடு கட்டுகிற இன்ஜினியர்கள் பிளானை அனுப்புவார்கள். வாணி அதற்கு முகப்பு வைத்து, பெயின்ட் அடித்து, வாசலில் ஒரு காரை நிறுத்தி, இந்தப் பக்கத்து மண்ணில் முளைக்கவே முளைக்காத இரண்டு மரங்களையும் நட்டுத் திருப்பி அனுப்புவாள். வீட்டுக்காரர் படத்தைப் பார்த்து மயங்கிப் போவார். கட்டி முடிக்கும்போது மரமும் இருக்காது, காரும் இருக்காது. படத்தின் ஓரத்தில் இன்ஜினியர் பெயர் மட்டும் இருக்கும்.

இஞ்ஞாசி வாத்தியார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், கோயில் கமிட்டிச் செயலாளர், கூத்தனேந்தல் மேலத்தெரு. வாணி அதே ஊர் கீழத்தெருப் பால்பாண்டியின் மகள். கல்யாணம் ஆகி ஆனையூருக்கு வந்து பதினோரு வருஷம். கணவன் சிவக்குமாருக்கு மருந்துக்கடையில் வேலை.

"கோயில் கட்டி இந்த வருசத்தோட நூத்தம்பது ஆகுதும்மா. நாப்பத்தாறாம் வருச மழையில மேக்குச் சுவரு சாஞ்சு, மிச்சத்தையும் இடிச்சுட்டாங்க. எப்படி இருந்துச்சுன்னு சொல்ல இன்னைக்கு ஒரு ஆளு இல்ல. ஆவணித் திருவிழாவுல அதை நடந்து பாக்குற மாதிரி வேணும். அந்தக் கண்ணாடி மாட்டிக்கிட்டுப் பாப்பாங்கல்ல, அது மாதிரி" என்றார்.

"கையில என்ன சார் இருக்கு?"

"ஒரு போட்டோ இருக்கு. பழைய மணி இருக்கு. முள்ளுக்காட்டுக்குள்ள அஸ்திவாரம் கிடக்கு."

"சட்டியில இருந்தாத்தான சார் அகப்பையில வரும்?"

"வரும்மா. உன்னால வரும். வாசல்ல கல்லு வைக்கிறோம், உருவாக்கியது பா. தமிழ்வாணின்னு."

அந்தக் கடைசி வாக்கியம்தான் வேலையைச் செய்தது. இந்த வேலைக்கு வந்த எட்டு வருஷத்தில் அவள் பெயரை எந்தச் சுவரிலும் யாரும் எழுதியதில்லை. அதற்காகவே ஒப்புக்கொண்டாள் என்று சொன்னால் அவள் கோபிப்பாள். ஆனால் உண்மை அதுதான்.

போட்டோ 1931இல் ஆயர் வந்தபோது எடுத்தது. பின்னால் கோயில் முகப்பு, நடுவில் பெரிய வாசல், மேற்கே ஒதுங்கினாற்போல் ஒரு சின்ன வாசல். முன்மண்டபத்தில் வரிசையாக ஆண்கள் நிற்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் தரையில் நாற்காலி போட்டு ஆயரும் சாமியார்களும், பாயில் பிள்ளைகளும் உட்கார்ந்து, பின்னால் நிற்பவர்களுடைய கால்களை மறைத்துவிட்டார்கள். அட்டையின் பின்புறம் எண் போட்டுப் பெயர் எழுதியிருந்தது. பதினேழாவது ஆள், வரிசையின் மேற்குக் கோடியில், பக்கத்து ஆளின் நெஞ்சுக்கு நிற்பவர்: சவரி, மணியடிப்பவர். அதற்குப் பக்கத்தில் யாரோ பிற்காலத்தில் பால்பாயின்ட் பேனாவால் 'கட்டை' என்று சேர்த்திருந்தார்கள்.

அது வாணியின் தாத்தா. கீழத்தெருவில் இருந்து அந்தப் படத்தில் நிற்கிற ஒரே ஆள். மணியடிக்கிறவரை ஒதுக்க முடியாது என்பதால் நிற்க வைத்திருக்கிறார்கள். பட்டாளத்துக்குப் போய்த் திரும்பியவர், பிறகு என்ன காரணமோ கிறிஸ்தவ வேதத்தை விட்டு விலகி, பேயாண்டி என்று பெயரையும் மாற்றிக்கொண்டார். பெயர் மாறியும் பட்டம் மாறவில்லை. அந்த போட்டோவின் பெரிய பிரதி ஒன்று புதுக்கோயில் சுவரில் எழுபது வருஷமாகத் தொங்குகிறது. பார்க்கிறவனெல்லாம் சிரித்துவிட்டுப் போனான். கட்டைப் பேயாண்டி, கட்டையன் மகன் பால்பாண்டி, கட்டையன் வீடு. பால்பாண்டி ஐந்தடி ஏழு அங்குலம். வாணி ஊர்ப் பெண்களில் நெட்டை. "தாய்வழி உசரம்" என்று ஊர் அதற்கும் ஒரு காரணம் வைத்திருந்தது. ஊர் வாயை மூட உலைமூடி ஏது?

பங்குனியில் வேலையை ஆரம்பித்தாள். அஸ்திவாரத்தின்மேல் சீமைக்கருவேல் மண்டிக் கிடந்தது. ஈஸ்டர் கழிந்துதான் ஜேசிபி வரும் என்று வாத்தியார் சொல்லிவிட்டார். அதுவரைக்கும் போட்டோதான் கதி. போட்டோவில் இருந்து கட்டடத்தை அளக்க வேண்டுமென்றால், படத்துக்குள் அளவு தெரிந்த பொருள் ஒன்றாவது வேண்டும். ஒரு கதவு, ஒரு நாற்காலி, இல்லாவிட்டால் ஓர் ஆள். வாணிக்கு அளவு தெரிந்த ஆள் ஒருவர் இருந்தார். தாத்தாவின் பட்டாளத்துச் சான்றிதழை லேமினேட் செய்வதற்காக ஒருமுறை போனில் படமெடுத்து வைத்திருந்தாள். உயரம் ஐந்தடி எட்டரை அங்குலம், வலது கன்னத்தில் மச்சம் என்று அதில் இருந்தது. பழம் நழுவிப் பாலில் விழுந்த மாதிரி அவளுக்குச் சந்தோஷம்.

ஐந்தடி எட்டரை எப்படிக் கட்டையாகும் என்று அவளுக்குத் தோன்றாமல் இல்லை. ஆனால் கூத்தனேந்தலில் வளர்ந்த யாருக்கும் அது பெரிய சந்தேகமில்லை. அந்தக் காலத்து ஆட்கள் கேப்பைக்களி தின்று வளர்ந்த உடம்பு, ஒவ்வொருவனும் பனைமரம் என்று கேட்டே வளர்ந்தவள் அவள். தாத்தா ஐந்தடி எட்டரை என்றால் மற்றவர்கள் அதற்கும் மேலே. அவ்வளவுதான். தாத்தாவையே அளவுகோலாக வைத்துக் கோயிலை எழுப்பினாள். ஒன்றரை மாதத்தில் முகப்பு, தூண், வளைவு, கோபுரம் எல்லாம் வந்துவிட்டது. பிரமாதமாக இருந்தது.

பால்பாண்டி ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவார். திருவாதவூர் வந்து பஸ் மாறி, கையில் ஒரு பையோடு இறங்குவார். பையில் கத்தரிக்காய், கீரைத்தண்டு, சமயத்தில் நெத்திலிக் கருவாடு இருக்கும். பெண்டாட்டி போன பிறகு அவருக்கு வாரத்தில் அந்த ஒரு நாள்தான் பிறர் கையால் சாப்பாடு. மகள் ஊர்க் கோயிலைக் கட்டுவது அவருக்குத் தெரியும். ஸ்கிரீனை ஒருமுறை எட்டிப் பார்த்தார். கத்தரிக்காயை எடுத்து வைக்கப் போய்விட்டார்.

ஈஸ்டர் கழிந்து ஜேசிபி வந்து முள்ளை வாரியது. வாணியும் சிவக்குமாரும் நாடாவோடு போனார்கள். சித்திரை வெயிலில் கல் சுட்டது. சிவக்குமார் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு முகப்பின் அகலத்தை அளக்க ஒரு முனையைப் பிடித்தான்.

"எம்புட்டு?"

"இருபத்திரெண்டு அடி."

"நல்லா இழுத்துப் பிடிங்க. என் கணக்குப்படி முப்பது வரணும்."

"முப்பதுக்கு நான் பக்கத்து வயலுக்குள்ளதான் போயி நிக்கணும். இருபத்திரெண்டுதான்."

மூன்று தடவை அளந்தார்கள். இருபத்திரண்டுதான். அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து வாணி ஸ்கிரீன் முன்னால் உட்கார்ந்தாள். சிவக்குமார் டீ டம்ளரோடு பின்னால் நின்று கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுக் கேட்டான். "உன் கணக்குப்படி தாத்தாவுக்குப் பக்கத்துல நிக்கிற ஆளு எம்புட்டு உசரம்?"

அவள் அளந்து பார்த்தாள். ஏழரை அடி. அதற்கு அடுத்த ஆள் ஏழேகால். ஆயர் எழுந்து நின்றால் எட்டு அடி வருவார்.

"மேலத்தெருக்காரய்ங்க பெரிய ஆளுகதான்னு தெரியும். இம்புட்டுப் பெரிய ஆளுகன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு அவன் டம்ளரைக் கழுவப் போனான்.

அஸ்திவாரத்தை நம்பி எல்லாவற்றையும் சுருக்கினாள். கோயில் சரியாக உட்கார்ந்தது. மேலத்தெரு ஆட்கள் ஐந்தரை அடிக்கு வந்து மனிதர்களானார்கள். ஆனால் தாத்தா நாலடி சொச்சத்துக்குப் போய்விட்டார். பட்டாளத்துச் சான்றிதழ் ஐந்தடி எட்டரை என்கிறது. வெள்ளைக்காரன் அளந்ததில் ஒன்றரை அடி எங்கே போயிற்று? அவர் கட்டை இல்லை என்றால் பள்ளத்தில் நின்றிருக்க வேண்டும்.

வைகாசியில் ஒரு மழை பெய்தது. மறுநாள் காலையில் வாணி தனியாக ஸ்கூட்டியில் போனாள். அஸ்திவாரத்தின் கிழக்குப் பகுதி அதற்குள் உலர்ந்துவிட்டிருந்தது. மேற்கு ஓரத்தில், முன்மண்டபத்தில் இருந்து பீடம் இருந்த இடம்வரைக்கும், ஏழு அடி அகலத்துக்கு வாய்க்கால் மாதிரி தண்ணீர் நின்றது. அவள் முன்பும் அந்தப் பள்ளத்தைப் பார்த்தவள்தான். மண் இறங்கிவிட்டது என்று குறித்துக்கொண்டு போயிருந்தாள். இப்போது செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினாள். காலுக்கடியில் சேறு இல்லை, கல் பாவியிருந்தது. பக்கத்தில் மேட்டைத் தாங்கி நின்ற கல்லைத் தடவிப் பார்த்தாள். உளி போட்டு நேராக்கிய முகம். பதினெட்டு அங்குலம். இந்தக் கோடியில் இருந்து அந்தக் கோடிவரை நடந்தாள். மேலே ஏறுவதற்கு ஒரு படிகூட வைக்கவில்லை. மேற்குக் கோடியில் ஒரு சின்ன வாசல், அதற்குள் போனால் இந்தப் பள்ளம், கீழத்தெரு ஆட்கள் பள்ளத்தில் நின்று பூசை பார்த்துவிட்டு அதே வாசல் வழியாக வெளியேற வேண்டும். எழுபது வருஷத்து மழையெல்லாம் இந்தப் பள்ளத்தில் நின்று ஊறித்தான் மேற்குச் சுவர் சாய்ந்திருக்கிறது. சவரி கொடுத்த சாபத்தில் கோயில் விழுந்தது என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. செங்கலுக்கும் சுண்ணாம்புக்கும் சாபம் தெரியாது, தண்ணீரைத் தெரியும்.

வாத்தியாரை வரச்சொல்லிக் காட்டினாள். அவர் குடையை ஊன்றிக்கொண்டு மேட்டிலேயே நின்றார்.

"அது மண்ணு எறங்குனதும்மா."

"மண்ணு எறங்குனா கல்லுக்கு உளி முகம் எப்படி சார் வரும்?"

வாத்தியார் முகத்தைக் கிழக்கே திருப்பிக்கொண்டார். பிறகு மெதுவாகப் பேசினார். "எங்க பாட்டன் பூட்டன் செஞ்ச காரியத்துக்கு நான் பொறுப்பாக முடியுமா? புதுக்கோயில் கட்டுனப்ப தரையைச் சமமாத்தான போட்டோம்? ஊரு இப்பத்தான் ஒண்ணா இருக்கு. திருவிழாவுல எல்லாத் தெருவும் வந்து நிக்கும். அதுல போயி இதைக் காட்டணுமா? தளத்தைச் சமமாப் போட்டுரு. யாருக்குத் தெரியப் போகுது?"

"எனக்குத் தெரியும்ல சார்?"

"உங்க அப்பாவையும் ஒரு வார்த்த கேளு" என்றார் வாத்தியார்.

அதை ஏன் சொன்னார் என்று அவளுக்கு ஞாயிற்றுக்கிழமைதான் விளங்கியது. கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். பால்பாண்டி இரண்டாவது கரண்டி சோறு வாங்கும்வரை காத்திருந்து சொன்னாள்.

"யப்பா, தாத்தா கட்டை இல்லப்பா."

அவர் தலை நிமிரவில்லை. "தெரியும்."

"தெரியுமா? அப்புறம் ஏம்ப்பா இம்புட்டு வருசமா ஒண்ணும் சொல்லல?"

"என்னத்தைச் சொல்றது? கட்டையன்னு சொன்னா என்னத்தா கொறைஞ்சு போச்சு? சிரிச்சுட்டுப் போயிருவாய்ங்க. நானும் சிரிச்சுட்டு என் சோலியப் பாப்பேன். எங்கப்பாவைப் பள்ளத்துல நிக்க வச்சாய்ங்கன்னு சொன்னா? எவனும் சிரிக்க மாட்டான். பாவம்னு பாப்பான். கட்டையன் மகன்னு சொல்லட்டும். பாவம்னு மட்டும் எவனும் என்னைப் பாக்கக் கூடாது."

சிவக்குமார் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். பால்பாண்டி குழம்பைப் பிசைந்துகொண்டே பேசினார்.

"பட்டாளத்துல இருந்து வந்தாரு. நாப்பத்தாறு, புதுவருசப் பூசை. மணியை அடிச்சுட்டு, காக்கிச் சட்டையும் பூட்ஸுமா மேல ஏறி நின்னுட்டாரு. பூசைக்கு ஒத்தாசை செய்யிற கோயில்பிள்ளை வந்து, சவரி, உன் எடத்துக்கு எறங்குன்னாரு. எங்கப்பா எறங்கல. ஏறுன காலோட நடந்து, பெரிய வாசல் வழியா வெளிய வந்துட்டாரு. அதோட சரி. எங்கிட்ட ஒரே ஒருக்காத்தான் சொன்னாரு. நான் எறங்கிட்டேன்னு மட்டும் எவனும் சொல்லப்பிடாதுடான்னாரு. இப்ப நீ அதைப் படம் போட்டுக் காட்டுனா என்னாகும்? அந்த மனுசன் திருப்பியும் அந்தப் பள்ளத்துக்குள்ளதான நிப்பாரு?"

அதற்குமேல் கேட்க வாணிக்குக் கஷ்டமாக இருந்தது. ஆனாலும் கேட்டாள். "பள்ளமே இல்லன்னா அவரு எதுக்குப்பா வெளிய போனாரு?"

"என்ன?"

"தளத்தைச் சமமாப் போட்டா, அவரு எங்கயும் ஏறவும் இல்ல, எறங்க மாட்டேன்னு சொல்லவும் இல்ல. சும்மா வேதம் மாறுன ஒரு கட்டையன். அம்புட்டுத்தான் மிஞ்சும். முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைக்கலாம்ப்பா. மறைச்சா அவரையும் சேத்துல்ல மறைக்கிறோம்?"

பால்பாண்டி தட்டிலேயே கையைக் கழுவினார். பாதிச் சோறு மிச்சம் இருந்தது. பையை உதறி மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டார்.

"அந்தப் பள்ளத்தைப் போட்டேன்னா இந்த வாசல்ல நான் மிதிக்க மாட்டேன். மாப்ள, வாரேன்" என்று சிவக்குமாரைப் பார்த்து மட்டும் சொல்லிவிட்டு இறங்கிப் போனார்.

அடுத்த ஞாயிறு வரவில்லை. அதற்கு அடுத்ததும் வரவில்லை. போன் செய்தால் எடுத்து, "சாப்பிட்டேன், தூங்குனேன்" என்று வைத்துவிடுவார். வாணி இரண்டு தளம் செய்து வைத்திருந்தாள். ஒன்று சமம், ஒன்று பள்ளம். ஒரு பொத்தானைத் தட்டினால் போதும், பள்ளம் தூர்ந்துவிடும், மறுபடி தட்டினால் இறங்கும். வீட்டு வேலைகளுக்கு நடுவே அதையே தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தாள். சமமான தளத்தில் கோயில் அழகாகத்தான் இருந்தது. அதுதான் அவளுக்கு எரிச்சலாக இருந்தது.

ஆடி பிறந்ததும் வாத்தியாருக்குப் போன் போட்டாள். "சார், அளந்ததைத்தான் நான் போடுவேன். வேண்டாம்னா இதுவரைக்கும் செஞ்சதைத் தர்றேன், வேற ஆளை வச்சுச் சமமாக்கிக்கங்க. கல்லுல என் பேரு மட்டும் வேண்டாம்."

இரண்டு நாள் கழித்து வாத்தியார் திரும்ப அழைத்தார். கமிட்டியில் பேசினாரா, பெண்டாட்டியிடம் பேசினாரா, தெரியாது. குரல் கம்மியிருந்தது. "போட்டுக்கம்மா. மைக்குல அதைப் பத்தி நான் ஒண்ணும் பேச மாட்டேன். நீயும் பேச வேண்டாம்." அப்பாவின் ஞாயிற்றுக்கிழமைகள் அந்த நிமிஷத்தோடு முடிந்துவிட்டன என்று நினைத்து வாணி கொஞ்ச நேரம் அழுதாள். பிறகு வேலையைப் பார்த்தாள்.

திருவிழாவன்று காலைப் பூசை முடிந்து புதுக்கோயில் முற்றத்தில் பந்தலுக்குக் கீழே எல்லோரும் கூடினார்கள். ஒரு பக்கம் அண்டாவில் பொங்கல் வெந்துகொண்டிருந்தது. பெரிய திரையில் பழைய கோயில் வானத்தில் இருந்து பார்ப்பது போலச் சுற்றிச் சுற்றி வந்தது. கூட்டம் கை தட்டியது. பிறகு கண்ணாடி மாட்டிக்கொண்டு ஒவ்வொருவராக நடந்து பார்த்தார்கள். முதலில் சாமியார், அடுத்தது வாத்தியார், பிறகு கமிட்டி. வாணி கையில் ஒரு சின்னக் கருவியோடு பக்கத்தில் நின்று, எந்த வாசல் வழியாகப் போக வேண்டும் என்று கேட்டாள். எல்லோரும் பெரிய வாசல் என்றார்கள். பீடத்தைப் பார்த்துக் கும்பிட்டார்கள், கூரையைப் பார்த்தார்கள், வெளியே வந்தார்கள். ஒருவர்கூட மேற்கே திரும்பிப் பார்க்கவில்லை.

வெயில் ஏறிய நேரத்தில் வரிசையில் பால்பாண்டி நிற்பதைப் பார்த்தாள். சலவைச் சட்டை போட்டிருந்தார், முகம் மழித்திருந்தார். எத்தனை பேருக்குப் பின்னால் எவ்வளவு நேரமாக நின்றாரோ. அவர் முறை வந்ததும் மகளைப் பார்க்காமல் தலையைக் குனிந்து கொடுத்தார். அவள் கண்ணாடியை மாட்டி வாரை இறுக்கினாள்.

"எந்த வாசல்ப்பா?"

"மேக்கு வாசல்."

அவர் நடந்தார். தரையில் அடி அடியாகக் காலைத் தேய்த்து நடந்தார். உள்ளே போனதும் நின்றார்.

"கயிறு தொங்குது. மணிக்கயிறு."

"ஆமாப்பா."

கையை நீட்டினார். கயிறு கைக்கு அகப்படவில்லை. கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு மெல்லக் கிழக்கே திரும்பினார், தலையைக் குனிந்து பார்த்தார். அவருக்கு முன்னால் அந்த மேடு நிற்கிறது என்று வாணிக்குத் தெரியும். பந்தலில் இருந்த மற்றவர்களுக்கு அங்கே வெறும் மண்தரைதான். பொங்கல் கிண்டிக்கொண்டிருந்தவர்கூடத் துடுப்பை நிறுத்திவிட்டுப் பார்த்தார்.

பால்பாண்டி வேட்டியை ஒரு கையால் சற்றுத் தூக்கினார். வலது காலை முழங்கால் உயரத்துக்கு எடுத்து, ஒன்றும் இல்லாத இடத்தில் வைத்து, ஊன்றப் பார்த்தார். தரையில் கால் தொப்பென்று விழுந்தது. தடுமாறினார். சின்னப் பிள்ளைகள் சிரித்தார்கள். மேலத்தெருப் பெரியவர்கள் யாரும் சிரிக்கவில்லை. வாத்தியார் மைக்கைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்துக்கொண்டே இருந்தார். பால்பாண்டி மறுபடியும் காலைத் தூக்கினார். இந்தத் தடவை வாணி அவர் முழங்கையைப் பிடித்துக்கொண்டு, மற்ற கையால் கருவியில் இருந்த பொத்தானை அழுத்தினாள். அவர் கண்ணுக்குள் கோயில் ஒன்றரை அடி கீழே இறங்கி, மேடு அவர் காலுக்கடியில் வந்திருக்கும். இடது காலையும் எடுத்து வைத்து, முதுகை நிமிர்த்தி நின்றார். தாத்தாவின் உயரம் அவருக்குக் கிட்டத்தட்ட அப்படியே இருந்தது.

நெடுநேரம் நின்றார். வரிசையில் நின்ற யாரும் அவசரப்படுத்தவில்லை.

"எம்புட்டு உசரம்த்தா இது?"

"ஒண்ணரை அடிப்பா."

அவர் கண்ணாடிக்குள்ளேயே குனிந்து கீழே பார்த்தார்.

"அம்புட்டுத்தானா?" என்றார்.